டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்

அறந்தாங்கிக் கடைத்தெருவில் பொழுது விடிந்ததும் ஒரு ஜெர்மானியரின் பெயர் ஒலிக்கத் தொடங்குகிறது. லாரி டிரைவர் அந்தப் பெயரைச் சொல்கிறார். டிராக்டர் ஓட்டுகிறவர் சொல்கிறார். கிழக்கே கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகு வைத்திருக்கும் மீனவர்கள், கடலுக்குப் போகும் முன் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேன் கேனாக வாங்குகிறார்கள்.

டீசல்!

அது ஓர் எண்ணெயின் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். அவர் கண்டுபிடித்தது எண்ணெயை அல்ல, என்ஜினை. என்ஜினின் பெயர் பிறகு எண்ணெய்க்கும் ஒட்டிக்கொண்டது.

அவர் முழுப் பெயர் ரூடால்ப் டீசல். இந்தப் பக்கத்துக்கு அவர் வந்ததே இல்லை. ஆனால், அவர் வாழ்நாள் முழுவதும் போராடிய ஒரு கேள்வி, அறந்தாங்கியில் பழைய என்ஜினைப் பிரித்துப் போட்டு வேலை பார்க்கும் மெக்கானிக்கையும் இன்று எதிர்கொள்கிறது.

காற்றை எவ்வளவு அமுக்குவது? அதுதான் கேள்வி.

தள்ளுவண்டிச் சிறுவன்

டீசல் 1858-ம் ஆண்டு மார்ச் 18-ந்தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். தாய், தந்தை இருவரும் ஜெர்மானியர்கள். பிழைப்பைத் தேடிப் பாரிசுக்குப் போனவர்கள்.

தந்தை தியோடர், புத்தகங்களுக்கு அட்டை கட்டுகிறவர். தோல் பைகளும் செய்வார். வருமானம் அதிகம் இல்லை. செய்த சாமான்களைத் தள்ளுவண்டியில் வைத்துக் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவன் ரூடால்பின் வேலை. படிப்பிலோ அவன் கெட்டிக்காரன். 12-வது வயதில் பதக்கம் வாங்கினான்.

அதே ஆண்டு, 1870-ல், பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் சண்டை மூண்டது. பாரிசில் இருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். டீசல் குடும்பம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு லண்டனுக்கு ஓடியது. அங்கே மூன்று பிள்ளைகளுக்கும் சோறு போட வழி இல்லை. ஆகவே பன்னிரண்டு வயதுப் பையனைத் தனியே கப்பலிலும் ரெயிலிலும் ஏற்றி, ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் என்ற ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஓர் உறவினர் கணக்கு வாத்தியாராக இருந்தார். அவர் வீட்டில் தங்கி ரூடால்ப் படித்தான்.

சைக்கிள் பம்பு ஏன் சுடுகிறது?

அந்த ஆக்ஸ்பர்க் பள்ளியில் ஒரு விளையாட்டுச் சாமான் போன்ற கருவி இருந்ததாகச் சொல்வார்கள். ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் ஒரு தண்டு. குழாயின் அடியில் ஒரு துண்டுப் பஞ்சு. தண்டை ஒரே அடியாக உள்ளே தட்டினால், பஞ்சு பற்றிக்கொள்ளும். தீக்குச்சி வேண்டாம். மலாய் நாட்டுப் பக்கத்தில் மக்கள் வெகு காலமாகவே இப்படித் தீ மூட்டி வந்தார்கள். அவர்களுடைய குழாய் மூங்கிலாலோ மரத்தாலோ கொம்பினாலோ ஆனது.

இது மந்திரம் அல்ல. சைக்கிளுக்குக் காற்று அடித்தவர்களுக்குத் தெரியும், நாலு தடவை அடித்ததும் பம்பின் அடி சுடும். காற்றைச் சிறிய இடத்தில் போட்டு அமுக்கினால் அது சூடாகும். அதிகமாக அமுக்கினால் அதிகமாகச் சூடாகும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. என்ஜின் சிலிண்டரில் பிஸ்டன் கீழே இருக்கும்போது 16 படி காற்று பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் மேலே ஏறி அந்த 16 படிக் காற்றையும் 1 படி இடத்துக்குள் அடைத்துவிடுகிறது. அப்படியானால் அதன் அமுக்கம் 16-க்கு 1. இதைத்தான் மெக்கானிக்குகள் கம்ப்ரஷன் என்கிறார்கள். இந்த அளவுக்கு அமுக்கினால் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றி எரியும்.

ஐஸ் கம்பெனியில் நெருப்பு நினைவு

பள்ளிப் படிப்பில் டீசல் முதலாவதாகத் தேறினார். உதவிச் சம்பளம் கிடைத்தது. மியூனிக் நகரில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பேராசிரியராக வாய்த்தவர் கார்ல் லிண்டே. ஐஸ் செய்யும் எந்திரத்தால் புகழ் பெற்றவர் இவர்.

நீராவி என்ஜின் பற்றி லிண்டே பாடம் நடத்தினார். கொளுத்தும் நிலக்கரியில் பத்தில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை. மற்றதெல்லாம் புகையாகவும் சூடாகவும் வீணாகப் போகிறது என்று விளக்கினார். மாணவர் டீசலுக்கு அது பொறுக்கவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை அல்லவா? பத்து மூட்டை கரியில் ஒன்பது மூட்டை வீண் என்றால் மனம் ஒப்புமா? இந்த வீணைக் குறைக்கும் என்ஜினைச் செய்வதே தன் வேலை என்று அன்றே முடிவு கட்டினார்.

பரீட்சை சமயத்தில் விஷ ஜுரம் வந்து படுத்துவிட்டார். பிறகு 1880-ல் எழுதி, மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றார்.

லிண்டேயின் ஐஸ் கம்பெனியிலேயே வேலை கிடைத்தது. பாரிசில் இருந்தார். 1883-ல் மார்த்தா என்ற பெண்ணைக் கலியாணம் செய்துகொண்டார். மூன்று குழந்தைகள் பிறந்தன. பகலில் ஐஸ், இரவில் என்ஜின் கணக்கு. பல வருஷம் அம்மோனியா ஆவியை வைத்து ஓர் என்ஜின் செய்து பார்த்தார். அது உதவவில்லை.

பெட்ரோல் என்ஜினின் தொல்லை

அப்போது ஆட்டோ என்ற ஜெர்மானியர் செய்த என்ஜின் புகழ் பெற்றிருந்தது. 1876-ல் வந்தது அது. இன்றைய பெட்ரோல் வண்டிகளுக்கெல்லாம் அதுவே பாட்டன். அதில் காற்றையும் எரிபொருளையும் முதலிலேயே கலந்து, அந்தக் கலவையை அமுக்கி, பிறகு தீ வைப்பார்கள்.

அமுக்கம் கூடினால் பலம் கூடும். எரிபொருளும் குறைவாகச் செலவாகும். அப்படியானால் இன்னும் அமுக்க வேண்டியதுதானே?

அங்கேதான் தொல்லை. ஓர் அளவுக்கு மேல் அமுக்கினால், தீ வைப்பதற்கு முன்பே கலவை சூடேறித் தானாக வெடித்துவிடும். வீட்டுக்காரர் சாவி போடும் முன்பே கதவு திறந்துகொண்ட மாதிரி! உள்ளே சுத்தியலால் அடிப்பது போன்ற சத்தம் கேட்கும். பிஸ்டன் ஓட்டை விழும்.

குறைந்த செலவில் மோட்டார் சைக்கிள் என்ஜினைச் சரி செய்து தெருவில் ஓட்ட நினைப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். ஹெட்டைக் கொஞ்சம் இழைத்துவிட்டால், பிஸ்டனுக்கு மேலே உள்ள இடம் குறுகும். அமுக்கம் கூடும். வண்டி பாயும். ஆனால், பங்கில் போடும் சாதாரண பெட்ரோல் அந்த அமுக்கத்தைத் தாங்க வேண்டுமே! தாங்காவிட்டால், விலை கூடிய பெட்ரோலைத் தேட வேண்டும். சித்திரை வெயிலில், ஆள் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது என்ஜின் தட்டத் தொடங்கும். இழைத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. இன்றைய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் 9 அல்லது 10-க்கு 1 என்ற கணக்கில் நிறுத்தியிருப்பது இதனால்தான். பணமும் மிஞ்ச வேண்டும், வண்டியும் நிற்காமல் ஓட வேண்டும் என்றால் கம்பெனி வைத்த அளவை விட்டு வெகு தூரம் போகாதிருப்பதே நல்லது.

டீசல் இந்தத் தொல்லையை வேறு விதமாக வென்றார். வெடிப்பது எது? கலவை. அப்படியானால் கலவையை அமுக்க வேண்டாம். வெறும் காற்றை அமுக்குவோம். வெறும் காற்று எத்தனை அமுக்கினாலும் வெடிக்காது. அது நன்றாகச் சூடேறிய பிறகு எண்ணெயை உள்ளே விடுவோம். எப்போது எண்ணெய் போகிறதோ அப்போதுதான் தீ.

யோசனை இவ்வளவுதான். ஆனால், அது பிறக்கப் பத்து ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

இருநூற்று ஐம்பதிலிருந்து முப்பதுக்கு

1892-ல் டீசல் தன் யோசனைக்குப் பதிவு உரிமை கேட்டு மனுப் போட்டார். கம்பெனிகளுக்கும் எழுதினார்.

காகிதத்தில் அவர் போட்ட கணக்கு பயங்கரமானது. நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல 250 மடங்கு வரை அமுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். லாரி டயரில் இருப்பது சுமார் 7 அல்லது 8 மடங்குதான். டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். 250 மடங்கு என்றால் அதைத் தாங்கும் இரும்பு எத்தனை கனம் இருக்க வேண்டும்! பிஸ்டன் ஓரத்தில் காற்று கசியாமல் எப்படி அடைப்பது? அமுக்குவதற்கே பெரும் பலம் போய்விட்டால், சக்கரம் சுற்ற மிச்சம் என்ன இருக்கும்?

கணக்கில் தவறு இல்லை. ஆனால், அதைக் கடையில் வாங்கும் இரும்பு தாங்காது.

குருநாதர் லிண்டேயே, காகிதக் கணக்கின் முழுப் பலனும் கிட்டாது என்று எச்சரித்தார். ஆக்ஸ்பர்க்கில் இருந்த பெரிய எந்திரத் தொழிற்சாலையின் தலைவர் பூஸ் என்பவர், முடியாது என்று முதலில் கைவிரித்தார்.

டீசல் திரும்ப உட்கார்ந்தார். அழுத்தத்தைக் குறைத்துக் குறைத்துக் கணக்குப் போட்டார். கொஞ்சம் எண்ணெய் கூடச் செலவாகட்டும், ஆனால் செய்யக்கூடிய என்ஜினாக இருக்கட்டும் என்று இறங்கி வந்தார். புதிய கணக்கைப் பார்த்த பூஸ் சம்மதித்தார். பீரங்கி செய்யும் குருப் கம்பெனியும் பணம் போட முன்வந்தது.

இந்த இடம் முக்கியமானது. பெரிய மூளைக்காரர்கள் பலர் தங்கள் கணக்கைக் குறைக்கச் சம்மதிப்பதில்லை. டீசல் சம்மதித்தார். அதனால்தான் அவர் பெயர் கோட்டைப்பட்டினம் வரை வந்தது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் அக்ராய்டு ஸ்டூவர்ட் என்பவரும் ஓர் எண்ணெய் என்ஜின் செய்தார். அவர் அமுக்கத்தை மிகக் குறைவாக வைத்தார். செய்வது எளிது, செலவும் குறைவு. ஆனால், அந்த அமுக்கத்தின் சூடு மட்டும் எண்ணெயைப் பற்றவைக்கப் போதாது. ஒவ்வொரு முறையும் விளக்கை வைத்து என்ஜினின் தலையைக் காய்ச்சிய பிறகுதான் அது கிளம்பும். எண்ணெயும் அதிகம் குடிக்கும். அதிகம் அமுக்கினால் இரும்பு தாங்காது. குறைவாக அமுக்கினால் எண்ணெய்ச் செலவு தாங்காது. நடுவில் ஓர் இடத்தைப் பிடிப்பதுதான் டீசலுக்கு இருந்த வேலை.

தொப்பியைக் கழற்றிய மெக்கானிக்

1893 ஆகஸ்டு 10-ந்தேதி முதல் சோதனை. ஆள் உயரத்துக்கும் மேலான என்ஜின். தொழிற்சாலையின் பட்டையை மாட்டி அதைச் சுற்றவிட்டு, எரிபொருளை உள்ளே விட்டார்கள்.

படார் என்று வெடித்தது! அழுத்தம் 80 மடங்கு ஏறி, மேலே இருந்த அளவுகோல் கருவி சிதறிப் பறந்தது. நல்ல வேளையாக யாரும் சாகவில்லை.

மற்றவராக இருந்தால் அழுதிருப்பார். டீசல் மகிழ்ந்தார். தீக்குச்சி இல்லாமல், பொறி இல்லாமல், வெறும் அமுக்கத்தால் எரிபொருள் பற்றிக்கொண்டதே!

மாதங்கள் ஓடின. மாற்றி மாற்றிச் செய்தார்கள். 1894 பிப்ரவரி 17-ந்தேதி. வழக்கம் போலப் பட்டையால் என்ஜின் சுற்றிக்கொண்டிருந்தது. மேலே நின்ற மெக்கானிக் லிண்டர் ஒன்றைக் கவனித்தார். இதுவரை பட்டை என்ஜினை இழுத்தது. இப்போது என்ஜின் பட்டையை இழுக்கிறது! அவர் ஒன்றும் பேசவில்லை. தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார். டீசலுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கீழே இருந்தவர் எதுவும் பேசாமல் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று என்ஜின் ஓடியது ஒரே ஒரு நிமிஷம். சுற்றியது 88 சுற்று.

இன்னும் மூன்று ஆண்டுகள் உழைத்தார். 1897-ல், அதே பிப்ரவரி 17-ந்தேதி, பேராசிரியர் ஷ்ரோட்டர் வந்து முறைப்படி சோதித்தார். சுமார் 20 குதிரைச் சக்தி. அமுக்கம் 30 மடங்குக்குச் சற்று மேல். பழைய 250 எங்கே, இந்த 30 எங்கே! ஆயினும், எரிபொருளில் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறியது. உலகில் அதுவரை எந்த என்ஜினும் அவ்வளவு கொடுத்தது இல்லை. அந்த என்ஜின் இன்றும் மியூனிக் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது.

தீப்பெட்டிக் கம்பெனியில் தீக்குச்சி வேண்டாத என்ஜின்

புகழ் வந்தது. பணமும் கொட்டியது. அமெரிக்காவின் பீர் வியாபாரி புஷ், அந்நாட்டு உரிமைக்காக 10 லட்சம் மார்க் கொடுத்தார். 1898-ல் தன் உரிமைகளையெல்லாம் டீசல் ஒரு கம்பெனிக்கு 35 லட்சம் மார்க்குக்கு விற்றார். அதில் பெரும் பகுதி பங்குப் பத்திரம். மியூனிக்கில் அரண்மனை போன்ற மாளிகை கட்டினார்.

முதன்முதலில் விலைக்குப் போன என்ஜின் எங்கே போயிற்று தெரியுமா? கெம்ப்டன் என்ற ஊரில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு! தீக்குச்சியே வேண்டாத என்ஜின், தீக்குச்சி செய்கிற இடத்தில்! ஆனால், அது ஒழுங்காக ஓடவில்லை. பழுதுக்கு மேல் பழுது. மற்ற இடங்களிலும் இதே கதை. வாங்கியவர்கள் திட்டினார்கள். யோசனை தங்களுடையது என்று சிலர் வழக்குப் போட்டார்கள். டீசலுக்கு நரம்புத் தளர்ச்சி வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்தார்.

1900-ல் பாரிஸ் பொருட்காட்சியில் அவர் என்ஜினுக்குப் பெரும் பரிசு கிடைத்தது. அங்கே காட்சிக்கு வைத்த ஒரு சிறிய டீசல் என்ஜின் எதில் ஓடியது என்பது புதுக்கோட்டைச் சீமைக்காரர்களுக்குப் பிடித்தமான செய்தியாக இருக்கும். கடலை எண்ணெயில் ஓடியது! ஆப்பிரிக்காவில் விளையும் கடலையைப் பயன்படுத்தலாமா என்று பிரான்சு அரசாங்கம் பார்க்க விரும்பியது. பார்த்தவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. நிலக்கடலை விளையும் ஊர்களில் விவசாயி தன் எண்ணெயிலேயே என்ஜின் ஓட்டலாம் என்று டீசல் பிற்காலத்தில் ஆசையோடு சொன்னார்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. எண்ணெயை உள்ளே தள்ளத் தனியாக ஒரு காற்று எந்திரம் வேண்டியிருந்தது. அதனால் என்ஜின் கனத்தது. தொழிற்சாலைக்கு ஏற்றது, கப்பலுக்கு ஏற்றது. தெருவில் ஓடும் வண்டிக்கு ஏறவில்லை. 1912-ல் டென்மார்க்கில் கட்டிய செலாண்டியா என்ற கப்பல், புகைக்கூண்டு இல்லாமல் டீசல் என்ஜினால் சமுத்திரம் தாண்டியது. ஜெர்மனியில் டீசல் லாரி வந்தது 1924-ல்தான். அதைப் பார்க்க அவர் இல்லை.

வெறும் பெட்டகம்

என்ஜினில் 250-ஐ 30 ஆகக் குறைக்கத் தெரிந்தவர், பணத்தில் அப்படி இறங்கி வரவில்லை. எண்ணெய்க் கிணறுகளில் பணம் போட்டார், போயிற்று. நிலம், கட்டிடம் என்று வாங்கினார், அதில் நஷ்டம். ஆக்ஸ்பர்க்கில் தொடங்கிய சொந்தத் தொழிற்சாலையும் நொடித்தது. கடனுக்கு மேல் கடன். மாளிகையின் ஆடம்பரம் மட்டும் குறையவில்லை. வெளியே யாருக்கும் தெரியாது. மனைவிக்கும் முழுவதும் தெரியாது.

1913 செப்டம்பர் மாதம். லண்டனில் ஒரு கம்பெனிக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. புறப்படும் முன் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்தார். அடுத்த வாரம்தான் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 29-ந்தேதி மாலை, பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். நண்பர்களோடு சாப்பிட்டார். கலகலப்பாகவே பேசினார். இரவு 10 மணி சுமாருக்குத் தன் அறைக்குப் போனார். காலையில் 6.15 மணிக்கு எழுப்பும்படி சொல்லியிருந்தார்.

காலையில் கதவைத் தட்டினார்கள். பதில் இல்லை. அறை காலி. படுக்கையில் படுத்த அடையாளம் இல்லை. இரவு உடை விரித்தபடி கிடந்தது. கைக்கடிகாரம் பரவலாகாத காலம். சட்டைப்பைக் கடிகாரம் படுக்கையில் இருந்து பார்க்கும்படி தொங்கியது. கப்பலின் பின்பக்கத் தளத்தில், கம்பி வேலிக்கு அடியில் அவருடைய தொப்பியும் மேல் அங்கியும் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவருடைய நாட்குறிப்பில் அன்றைய தேதிக்கு நேராக ஒரு சிலுவைக் குறி இருந்தது.

உலகமெங்கும் பத்திரிகைகள் இதையே எழுதின. நீர்மூழ்கிக் கப்பல் ரகசியத்துக்காக ஜெர்மன் ஒற்றர்கள் கொன்றுவிட்டார்கள் என்றும், எண்ணெய் முதலாளிகள் வேலை என்றும் வதந்திகள் பறந்தன. எதற்கும் சாட்சி இல்லை.

மார்த்தா பையைத் திறந்தார். உள்ளே 20 ஆயிரம் மார்க் ரொக்கம் இருந்தது. கூடவே பாங்குக் கணக்குகள். எல்லாம் ஏறக்குறைய காலி.

பத்து நாள் கழித்து, ஒரு டச்சுப் படகுக்காரர்கள் கடலில் ஓர் உடல் மிதப்பதைக் கண்டார்கள். அடையாளம் தெரியாதபடி அழுகியிருந்தது. அந்தக் காலக் கடல் வழக்கப்படி, சட்டைப்பையில் இருந்த சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலை மீண்டும் கடலிலேயே விட்டுவிட்டார்கள்.

ஒரு மாத்திரை டப்பி. ஒரு பணப்பை. ஒரு பேனாக்கத்தி. ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு. அக்டோபர் 13-ந்தேதி இளைய மகன் யூஜின் அவற்றைப் பார்த்து, தன் தந்தையுடையவை என்று அடையாளம் சொன்னார்.